‘கன்சல்டன்ட்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா?
வரி கேள்வி – பதில்

ஃப்ரீலான்ஸர்களைக் கொண்டு வேலை வாங்குவோரிடமிருந்தும், ஃப்ரீலான்ஸராக இருந்து சம்பாதிப்போரிடமிருந்தும் வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டுள்ளோம். பதில்களில் உள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கும், பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கும் உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளத்துக்கான வரிப் பிடித்தம் 392-ஆம் பிரிவுக்கும், மற்றப் பிடித்தங்கள் 393-ஆம் பிரிவுக்கும் சென்றுள்ளன. ஒருவர் பணியாளரா, ஒப்பந்ததாரரா என்று பார்க்கும் முறை இதனால் மாறிவிடவில்லை.

கேள்வி: கோவையில் 12 பேர் பணியாற்றும் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் புரோகிராமர் ஒருவர், தன்னைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ‘கன்சல்டன்ட்’ ஆக மாற்றும்படி கேட்கிறார். அப்படி மாற்றினால் தனக்கு வரியே வராது என்கிறார். இதைக் கேள்விப்பட்டு, மாதம் 3,00,000 ரூபாய் வாங்கும் டீம் லீடரும் அதையே கேட்கிறார். இருவரும் இப்போதுபோலவே அலுவலகம் வந்து வேலை செய்வார்கள். இருவரும் எழுதிக் கொடுக்கத் தயார். எங்களுக்கு ஏதேனும் சிக்கல் வருமா?
— கோவை வாசகர்

பதில்: சிக்கல் வரும். ஆனால் அந்த இருவருக்கும் ஒரே அளவில் வராது. உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே இடத்திலும் வராது. எனவே அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்குவோம்.

புரோகிராமரின் ஆண்டுச் சம்பளம் 14,40,000 ரூபாய். புதிய வரி முறையில் நிலைக் கழிவு 75,000 போக மீதி 13,65,000 ரூபாய்க்கு, செஸ் சேர்த்து, 88,140 ரூபாய் வரி வருகிறது. அதே தொகையை ‘தொழில்முறைக் கட்டணம்’ என்று வாங்கினால் 44ஏடிஏ பிரிவு கைகொடுக்கிறது. தகவல் தொழில்நுட்பம் அப்பிரிவுக்குரிய தொழில்களின் பட்டியலில் இருப்பதால், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் உள்ளவர் அதில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் காட்ட வேண்டியதில்லை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகாதவர்களுக்கு இந்த உச்சவரம்பு 75 லட்சம். பாதி என்றால் 7,20,000 ரூபாய். பன்னிரண்டு லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். தொழில்முறைக் கட்டணத்தில் வரி பிடிப்பதற்கான 194ஜே பிரிவின்படி நீங்கள் 10 சதவீதமாகப் பிடித்துக் கட்டிய 1,44,000 ரூபாயும் அவருக்கே ரீஃபண்டாகத் திரும்பிவிடும். ஆகவே ‘வரியே வராது’ என்று அவர் சொல்வது கணக்கில் சரிதான்.

அந்தக் கணக்குக்கு அவர் உரியவரா என்பதில்தான் வழக்கு. 44ஏடிஏ சலுகை தொழில்முறை வருமானத்துக்கு உரியது, சம்பளத்துக்கு உரியதல்ல. ஒரு தொகை சம்பளமா, கட்டணமா என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள முடியாது. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலும், வேலை எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் பார்த்தே அதிகாரியும், பின்னர் தீர்ப்பாயமும் நீதிமன்றமும் முடிவு செய்கின்றன. எழுதிக் கொடுத்த தாள் அவர்கள் பார்க்கும் பல சான்றுகளில் ஒன்று. பெரும்பாலும் அதுதான் மிகப் பலவீனமான சான்று.

என்ன பார்க்கிறார்கள்? உச்ச நீதிமன்றம் 1950-களிலிருந்தே தொழிலாளர் சட்ட வழக்குகளில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டு வந்திருக்கிறது. குஜராத்தின் உப்பளத் தொழிலாளர்கள் பற்றிய தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதோடு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டளையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது. செக்கந்தராபாத் தையல் கடை ஒன்றைப் பற்றிய 1973-ஆம் ஆண்டு சில்வர் ஜூப்ளி டெய்லரிங் ஹவுஸ் தீர்ப்பு, கட்டுப்பாடு என்ற ஒரே அளவுகோலை மட்டும் வைத்து எல்லாத் தொழிலையும் அளக்க முடியாது என்றது. அங்கே தையற்காரர்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்கினார்கள். வேலைக்கு வரும் நேரமும் கண்டிப்பானதல்ல. ஆனால் தைத்த மெஷின்கள் கடைக்குச் சொந்தம். சரியாகத் தைக்காத துணியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரரிடம் இருந்தது. அதனால் அவர்கள் கடையின் பணியாளர்களே என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து பார்க்கப்படுபவை பல: கருவி யாருடையது, நட்டம் வந்தால் யார் தலையில் விழும், தனக்குப் பதில் வேறு ஒருவரை அனுப்ப முடியுமா, மற்ற வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்ய முடியுமா, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டுமா, மாதம் தவறாமல் ஒரே தொகையா அல்லது முடித்த வேலைக்கு ஏற்ற தொகையா என இப்படி எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுகிறார்கள்.

வரி வழக்குகளில் மருத்துவமனைகளின் கதை உங்களுக்குப் பொருந்தும். மருத்துவமனைகள் ‘கன்சல்டன்ட்’ என்று வைத்திருக்கும் மருத்துவர்களுக்குக் கொடுப்பது சம்பளமே என்று வரித்துறை பல இடங்களில் வாதிட்டது. பெங்களூரு மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் துறையின் வாதத்தை ஏற்கவில்லை. நோயாளிகளின் வருகையைப் பொறுத்து வருமானம் ஏறி இறங்கியது, பி.எஃப்., கிராஜுவிட்டி போன்ற பணிப் பலன்கள் இல்லாதது, வெளியிலும் தொழில் செய்ய முடிந்தது ஆகியவை அந்த மருத்துவர்களுக்குச் சாதகமாயின. அதாவது, அந்த வாழ்க்கையே சுதந்திரத் தொழில் செய்பவரின் வாழ்க்கையாக இருந்தது. பெயர் அதன் பின்னால் வந்தது.

உங்கள் கடிதத்தில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. ‘இப்போதுபோலவே அலுவலகம் வந்து வேலை செய்வார்கள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே நாற்காலி, கம்பெனி கொடுத்த அதே லேப்டாப், அதே விரல்ரேகை வருகைப் பதிவு, ‘வெள்ளிக்கிழமை லீவு வேண்டும்’ என்று அனுப்பும் அதே மின்னஞ்சல் ஆகியவை தொடர்ந்தால், மார்ச் 31 வரை பணியாளராக இருந்தவர் ஏப்ரல் 1 காலையில் கன்சல்டன்டாக மாறிவிட்டார் என்பதை எந்த அதிகாரியும் நம்ப வேண்டியதில்லை. டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே வரி பிடித்தல்) சர்வேக்கு வரும் அதிகாரிகள், சம்பளம் அல்லாத பிடித்தங்களுக்கான 26க்யூ படிவத்தில் மாதாமாதம் ஒரே தொகை ஒரே நபருக்குப் போகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து அதே பான் எண் போன ஆண்டு 24க்யூ சம்பளப் படிவத்தில் இருந்ததா என்று பார்ப்பார்கள். இதற்குப் பெரிய புலனாய்வு தேவையில்லை.

சரி, பார்த்துவிட்டால் யாருக்கு என்ன? புரோகிராமர் விஷயத்தில், அவர் சம்பளக்காரர் என்று முடிவானாலும் நீங்கள் பிடித்திருக்க வேண்டியது 88,140 ரூபாய்தான்; பிடித்ததோ 1,44,000 ரூபாய். ஆகவே உங்கள் பக்கம் குறைவுப் பிடித்தம் இல்லை. அடி அவருக்குத்தான் விழும்: ரீஃபண்டாக வாங்கிய வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி வரும், 270ஏ பிரிவின்படி வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்காக வரியில் 50 சதவீதமும், தவறாகச் சித்திரித்ததாகக் கருதப்பட்டால் 200 சதவீதமும் அபராதமாக வரலாம். இந்தப் பக்கத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டீம் லீடர் விஷயம் வேறு. 36 லட்சம் சம்பளத்துக்கு வரி 6,63,000 ரூபாய்; 194ஜே-யின்படி நீங்கள் பிடிக்கப்போவது 3,60,000 ரூபாய் மட்டுமே. மீதி 3,03,000 ரூபாயைப் பிடிக்கத் தவறியவராக 201-ஆம் பிரிவின்படி உங்கள் கம்பெனி ஆகும். மாதம் 1 சதவீத வட்டியும் சேரும். அவர் அத்தொகையைத் தம் ரிட்டர்னில் காட்டி அதற்கான வரியைக் கட்டிவிட்டார் என்று ஆடிட்டரிடம் 26ஏ படிவத்தில் சான்று பெற்றுக் கொடுத்தால், அசலிலிருந்து விடுதலை கிடைக்கும். அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள் வரையிலான வட்டி அப்போதும் உங்களுடையதே. ஆனால் அவர் காட்டப்போவது பாதி வருமானம், கட்டப்போவது 1,66,400 ரூபாய். அந்தச் சான்றை வைத்து அதிகாரியைத் திருப்திப்படுத்துவது எளிதாக இருக்காது. தவிர, சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 20 லட்சம் என்பதால் அவர் ஜி.எஸ்.டி. எண் வாங்கி, மாதம் 3 லட்சத்துக்கு 18 சதவீதமாக 54,000 ரூபாய் சேர்த்து பில் போட வேண்டும். சம்பளத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பணியாளர் தம் முதலாளிக்குச் செய்யும் வேலை ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையின்படி சப்ளையே அல்ல.

வரிக்கு வெளியேயும் ஒன்று உண்டு. 10 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்பதால் உங்களுக்குக் கிராஜுவிட்டிப் பொறுப்பு இருக்கிறது. இருவரும் இன்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்கள். ஐந்து ஆண்டு கழித்து மனக்கசப்போடு வெளியேறும்போது, தாங்கள் இடைவிடாமல் பணியாளர்களாகவே இருந்ததாகத் தொழிலாளர் துறையிடம் மனுக் கொடுத்தால், நீங்கள் காட்டும் தாளைவிட அவர்கள் காட்டும் வருகைப் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

என் கருத்து: புரோகிராமரின் கோரிக்கையை மறுத்துவிடுங்கள். டீம் லீடர் உண்மையிலேயே வெளியேறி, சொந்தக் கணினியில், தாமே நேரம் வகுத்து, இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு வேலை செய்ய விரும்புகிறார் என்றால், இன்ன மாட்யூலை இன்ன தேதிக்குள் முடித்துத் தருவதற்கு இன்ன தொகை, பிழை வந்தால் தம் செலவில் சரிசெய்து தருவது என்ற கணக்கில் ஒப்பந்தம் போடலாம். அப்போது 194ஜே தானாகவே பொருந்தும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அவர் கேட்பது வேலை மாற்றமல்ல, வரி மாற்றம் மட்டுமே.

கேள்வி: சிவகாசியில் தனிநபர் உரிமையில் சிறிய பதிப்பகமும் அச்சகமும் நடத்துகிறேன். போன ஆண்டு வரவு 85 லட்சம். மெய்ப்புத் திருத்துபவருக்கு ஒவ்வொரு முறையும் ஐயாயிரம், ஆறாயிரம் என்று ஆண்டில் 90,000 ரூபாய் போகிறது. பக்க வடிவமைப்பு செய்பவருக்கு இதே போல 1,40,000 ரூபாய். எல்லோரும் வீட்டிலிருந்து செய்பவர்கள். வரும் ஆண்டில் என் மனைவியையும் சேர்த்துக் கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்ய இருக்கிறேன். டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா?
— சிவகாசி வாசகர்

பதில்: இன்றைய நிலையில் வேண்டாம். வேலை ஒப்பந்தத்துக்கான 194சி, தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே ஆகிய இரண்டு பிரிவுகளுமே, முந்தைய நிதியாண்டில் வியாபார வரவு ஒரு கோடியைத் தாண்டாத தனிநபரைக் கட்டுப்படுத்துவதில்லை. தனிநபர் ஒரே ஒருவருக்கு ஆண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் மட்டும் 194எம் வரும். அது உங்களைத் தொடாது.

கூட்டு நிறுவனம் ஆகிவிட்டால் கதை மாறுகிறது. ஒரு கோடி என்ற அந்த விலக்கு தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டுமே உரியது. பங்குதாரர் நிறுவனம் முதல் நாளிலிருந்தே பிடித்தம் செய்யக் கடமைப்பட்டது. வியாபாரம் அதேதான், மேசையும் மெஷினும் அதேதான், பெயர்ப்பலகையில் ‘அண்ட் கோ’ மட்டும் கூடியிருக்கிறது என்று பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

194சி பிரிவில் ஒரு தடவைக்கு 30,000 ரூபாயோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சமோ தாண்டினால்தான் பிடித்தம். தனிநபருக்கு 1 சதவீதம். மெய்ப்புத் திருத்துபவர் இரண்டு வரம்புக்கும் கீழே இருக்கிறார். வடிவமைப்பாளர் ஆண்டு வரம்பைத் தாண்டுகிறார். தாண்டும் அந்தத் தவணையின்போது அதுவரை கொடுத்ததற்கும் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். மொத்தம் 1,400 ரூபாய்தான். ஆனால் இந்த 1,400 ரூபாயைப் பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 40(ஏ)(ஐஏ) பிரிவின்படி 1,40,000 ரூபாயில் 30 சதவீதம், அதாவது 42,000 ரூபாய், செலவாக ஏற்கப்படாது. நிறுவனத்துக்கு 31.2 சதவீத வரி என்பதால் அந்த ஆண்டு 13,104 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். பின்னர் பிடித்துக் கட்டினால் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், கைக்காசு முதலில் போய்விடும்.

எழுத்தாளருக்குக் கொடுக்கும் ராயல்டி வேலை ஒப்பந்தமல்ல, அது 194ஜே. ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. அட்டை ஓவியர் விஷயத்தில், ஒரு படம் வரைந்து தருவதற்கான கூலியா, அந்த ஓவியத்தின் பதிப்புரிமையையே நீங்கள் வாங்கிக்கொள்வதற்கான தொகையா என்பதை பில்லில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உரிமைக்கான தொகை என்றால் அதுவும் ராயல்டியாகவே கருதப்படும். வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்கிக்கொள்வதும், பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு ஏப்ரல் 30) கட்டுவதும், காலாண்டுக்கு ஒருமுறை 26க்யூ தாக்கல் செய்வதும் இனி உங்கள் வழக்கமாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், பிடித்த வரித் தொகை வரை.

கேள்வி: நான் அரசு ஊழியர். புது வீட்டுக்கு உள்அலங்காரம் செய்ய ஒரு டிசைனருக்கு 6 லட்சம் கொடுக்கிறேன். வரி பிடிக்க வேண்டுமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சேவை. 50 லட்சத்துக்குள் இருப்பதால் 194எம் பிரிவும் வராது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டை விற்கும் நாளில் அதில் எந்தப் பகுதி மேம்பாட்டுச் செலவாகும் என்று பார்க்க உதவும்.

கேள்வி: திருப்பூரில் 30 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வெட்டிய துணியையும் நூலையும் கொடுத்து, சுற்றுவட்டாரத்தில் 25 பெண்களிடம் வீட்டிலேயே தைத்து வாங்குகிறோம். பீஸ் கணக்கில் மாதம் ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை ஒவ்வொருவருக்கும் போகிறது. இவர்கள் எல்லோரையும் ஜாப் ஒர்க் காண்ட்ராக்டர் என்றுதான் கணக்கில் எழுதுகிறோம். சரியா?
— திருப்பூர் வாசகர்

பதில்: வருமான வரிக் கணக்கில் இது பெரிய பிரச்சினையே இல்லை, அதனால்தான் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் கொடுத்த பொருளைக் கொண்டு அவர் சொன்னபடி தயாரித்துக் கொடுப்பது 194சி பிரிவின் ‘வேலை’ என்பதற்குள் வருகிறது. மாதம் 9,000 ரூபாய் வாங்குபவர் ஆண்டில் 1,08,000 ரூபாயை எட்டுவதால் அவருக்கு 1 சதவீதம் பிடிக்க வேண்டும். 7,000 வாங்குபவருக்கு வேண்டாம். அவர்களையே சம்பளக்காரர்கள் என்று வைத்துக்கொண்டாலும் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் பிடிக்க எதுவும் இல்லை. ஆக வரித்துறை உங்களைத் தேடி வர அதிகக் காரணமில்லை.

தேடி வரக்கூடியவர் பி.எஃப். இன்ஸ்பெக்டர். வீட்டில் இருந்து செய்கிறார்கள், பீஸ் கணக்கில் வாங்குகிறார்கள் என்ற இரண்டு காரணங்களும் அங்கே எடுபடாது. பீடி சுற்றும் வீட்டுத் தொழிலாளர்கள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் கீழ் பணியாளர்களே என்று பி.எம். பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தின் கோதாவரி கார்மென்ட்ஸ் வழக்கின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது: துணியும் நூலும் பொத்தானும் கம்பெனி கொடுத்தது, பெண்கள் வீட்டில் தைத்தார்கள், பீஸ் கணக்கில் நேரடியாகக் கூலி வாங்கினார்கள், தையல் சரியில்லாவிட்டால் ஒதுக்கித் தள்ளும் உரிமை கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் கம்பெனியின் பணியாளர்களே, பி.எஃப். கட்ட வேண்டும் என்பதே முடிவு. வீட்டில் தைத்ததால் எந்த வேறுபாடும் இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது.

உங்கள் செக்கிங் மேசையை நினைத்துப் பாருங்கள். பீஸைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டுப்போனதைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து மறுபடி தைத்து வரச் சொல்கிறீர்கள் அல்லவா? அந்த வட்டம்தான் சான்று.

இருபது பேருக்கு மேல் உள்ள நிறுவனம் என்பதால் நீங்கள் ஏற்கெனவே பி.எஃப். வரம்புக்குள் இருக்கிறீர்கள். விசாரணையில் இந்த 25 பேரும் பணியாளர்கள் என்று முடிவானால், பழைய காலத்துக்கான முதலாளியின் 12 சதவீதத்தோடு தொழிலாளியின் 12 சதவீதமும் உங்கள் கையிலிருந்தே போகும். கொடுத்து முடித்த கூலியிலிருந்து அவர்கள் பங்கைப் பின்னர் பிடித்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கான நட்ட ஈடும் உண்டு. இப்போதே அவர்களைப் பதிவு செய்துகொள்வதுதான் மலிவு.

பவர் டேபிள் (மின் தையல் மெஷின்கள்) வைத்திருக்கும் ஒருவரிடம் மொத்தமாகத் துணியைக் கொடுத்து, அவர் தம் டெய்லர்களை வைத்துத் தைத்து, தம் பெயரில் பில் போடும் ஏற்பாடு வேறு வகை. அது உண்மையான ஜாப் ஒர்க். ஆனால் அவருக்குத் தனி பி.எஃப். கோடு இருக்கிறதா என்று கேட்டு, மாதாமாதம் கட்டிய சலானின் நகலை வாங்கிய பிறகே பில்லுக்குப் பணம் கொடுங்கள். இந்த 25 பெண்களையும் பெயருக்கு ஒருவரின் கீழ் கொண்டுவந்து காட்டுவதாக நினைத்தால், கூலியை நிர்ணயிப்பதும் துணியைத் திருப்பி அனுப்புவதும் நீங்களாக இருக்கும்வரை அந்த ஏற்பாடு நிற்காது.

கேள்வி: சென்னையில் விளம்பர நிறுவனம் நடத்துகிறோம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு டிசைனர் இணையம் வழியாகவே எங்களுக்கு வேலை செய்து தருகிறார். ஒரு படத்துக்கு 8,000 ரூபாய்தான். சிறிய தொகை என்பதால் வரி பிடிக்காமல் அனுப்பலாமா?
— சென்னை வாசகர்

பதில்: சிறிய தொகை என்ற காரணம் இங்கே செல்லாது. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுப்பது 195-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதில் 30,000, 50,000 என்ற வரம்புகளே கிடையாது. அத்தொகை இந்தியாவில் வரிக்கு உட்பட்டதா என்பதுதான் கேள்வி. அவர் ஒரு நாள்கூடச் சென்னைக்கு வரவில்லை என்பதால் மட்டும் அது வரிக்கு வெளியே போய்விடாது. இந்தியாவில் நடக்கும் தொழிலுக்காகக் கொடுக்கப்படும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம், சேவை எங்கிருந்து செய்யப்பட்டாலும் இந்திய வருமானம் என்கிறது 9-ஆம் பிரிவு. அப்படிக் கருதப்பட்டால் உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். படைப்புத் திறனைக் கொண்டு வரையும் படம் தொழில்நுட்பச் சேவையா என்று வாதிட இடமுண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் இருக்கிறது. அதன் பலனைக் கேட்க வேண்டுமானால், இலங்கை வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றையும் 10எஃப் படிவத்தையும் அவரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான 15சிஏ படிவத்தை வங்கி கேட்கும்போது அவசர அவசரமாக எழுதுவதைவிட, முதல் பில்லுக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு முறை எழுத்தில் கருத்து வாங்கிவிட்டால் ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றலாம்.

கேள்வி: மதுரையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு நிறுவனம் ஆண்டு முழுவதும் என் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் கழித்துக்கொண்டு கொடுத்தது. என் பெயரில் பிடித்த வரி பதிவாகும் 26ஏஎஸ் பட்டியலில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. கேட்டால் ‘அடுத்த காலாண்டில் ஏறும்’ என்கிறார்கள். நான் மறுபடியும் வரி கட்ட வேண்டுமா?
— மதுரை வாசகர்

பதில்: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒருவரின் வருமானத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடிக்கப்பட்ட அளவுக்கு அதை மறுபடியும் அவரிடமே கேட்கக் கூடாது என்கிறது 205-ஆம் பிரிவு. பிடித்தவர் அரசுக்குக் கட்டினாரா இல்லையா என்பது உங்கள் பொறுப்பல்ல. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பவருக்கு மாதம் 1.5 சதவீத வட்டி. 276பி பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இதை அவர்களுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு ‘அடுத்த காலாண்டு’ சீக்கிரம் வந்துவிடும்.

நடைமுறையில் கணினி வழியே ரிட்டர்னைச் சரிபார்க்கும்போது 26ஏஎஸ்-இல் இல்லாத வரி ஏற்கப்படாமல் உங்களுக்கு டிமாண்ட் நோட்டீஸ் வரலாம். பயந்து கட்டிவிடாதீர்கள். பிடித்தது உண்மை என்று காட்டும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. நீங்கள் கொடுத்த பில்கள், வங்கிக் கணக்கில் வந்த குறைந்த தொகை, ‘டி.டி.எஸ். போக’ என்று அவர்கள் எழுதிய மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, டிமாண்டை ஏற்கவில்லை என்று தளத்தில் பதில் அளித்து, உங்கள் வரி அதிகாரிக்கும் ஒரு மனு அனுப்புங்கள். வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் கேட்ட கடிதத்தின் நகலையும் இணைக்கவும். அதோடு, உங்கள் பான் எண்ணை அவர்கள் சரியாகத்தான் பதிந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறிப்போய் உங்கள் வரி வேறு யாருடைய கணக்கிலோ ஏறியிருப்பதும் நடப்பதுண்டு. அப்படியானால் அவர்கள் 26க்யூ படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்தாலே போதும்.